நீங்கள் பார்த்தது 'நோஸ்ஃபெராட்டு' இல்லை

கேள்வி: பேய்ப் படம் என்றால் விடமாட்டேன். பழைய கிளாசிக்குகளையும் ஒரு கை பார்த்துவிட்டேன். 'நோஸ்ஃபெராட்டு'வை இணையத்தில் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தேன். பட்டப்பகலில் ஒரு மொட்டைத் தலையர் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்ளின் போல ஓடுகிறார். சிரிப்புதான் வந்தது. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'டும் பார்த்தேன், வெறும் ஃபோட்டோக்கள். இவற்றை ஏன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் இன்னும் 'நோஸ்ஃபெராட்டு' பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உங்கள் கடிதத்தில் 'பட்டப்பகல்' என்ற சொல்லே வந்திருக்காது. ஒரு மணி நேரம், பட்டப்பகல், சாப்ளின் ஓட்டம் என்று மூன்று சொல்கிறீர்கள். மூன்றுமே உங்களுக்குக் கிடைத்த பிரதியின் கோளாறு. 1922-ல் ஜெர்மனியில் வெளியான படத்தின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

முதலில் பட்டப்பகல். இயக்குநர் முர்னாவும் ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரும் வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார்கள். தெருவையும் துறைமுகத்தையும் ராத்திரியில் பதிவுசெய்யும் அளவுக்கு அன்றைய ஃபிலிமுக்கு ஒளியுணர்வு கிடையாது. அதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். திரையரங்குக்குப் போகும் பிரதியையே சாயத்தில் தோய்த்துவிடுவார்கள். நம் ஊரில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிற மாதிரிதான். ஃபிலிம் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் நிறத்தை இழுத்துக்கொள்ளும். வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் சாயம் பிடிக்கும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். இரவுக்கு நீலப்பச்சை, விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. பார்வையாளர்களுக்கு இந்த மொழி அத்துபடி. நீலம் வந்தால் ராத்திரி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிற்காலத்தில் சாயப் பிரதியிலிருந்து வெறும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகல் எடுத்தவர்கள் நிறத்தைத் தொலைத்தார்கள். அத்தோடு கதையும் போயிற்று. ஏனென்றால் வெயில் பட்டால் இரத்தக் காட்டேரி செத்துப்போகும் என்ற சங்கதியை உலகத்துக்குக் கொடுத்ததே இந்தப் படம்தான். படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலில் நடமாடுவான்; சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளியை மரணமாக்கியது முர்னாவின் படம். அப்படி ஒரு படத்தில் காட்டேரியான கவுண்ட் ஓர்லோக் வெள்ளை வெயிலில் சவப்பெட்டியை இடுக்கிக்கொண்டு தெருவில் போனால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அதே காட்சியை நீலத்தில் பாருங்கள். கப்பல் தானாக ஊர்ந்து துறைமுகத்துக்குள் வருகிறது. ஊர் தூங்குகிறது. ஒரு நெட்டை உருவம் தன் படுக்கையைத் தானே சுமந்துகொண்டு வீடு தேடிப் போகிறது. தடுப்பதற்கு ஒரு ஆள் விழித்திருக்கவில்லை.

அடுத்து அந்த ஓட்டம். மௌனப் படங்களைக் கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். வேகம் படத்துக்குப் படம் மாறும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பது பேசும் படத்தோடு வந்த கட்டுப்பாடு. 'நோஸ்ஃபெராட்டு' வெளியானபோது அதன் நீளம் 1,967 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52 ஃப்ரேம். விநாடிக்கு 18 ஃப்ரேம் என்று ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 95 நிமிடம் வரும். அதையே 24-ல் ஓட்டினால் 72 நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள். உங்கள் ஒரு மணி நேரப் பிரதியில் வேகமும் தப்பு, காட்சிகளும் வெட்டுப்பட்டிருக்கின்றன.

வேகம் கெட்டால் இன்னொன்றும் கெடும். கதாநாயகன் ஹுட்டரை ஓர்லோக்கின் கோட்டைக்கு ஏற்றிப் போகும் வண்டி ஒன்று வருமே, அது மட்டும் இயற்கைக்கு மாறாகத் துள்ளித் துள்ளி விரைய வேண்டும். கூடவே ஓரிடத்தில் நெகட்டிவ் பிம்பத்தையே போட்டிருப்பார்கள்: மரங்கள் வெளுத்து எலும்பு மாதிரி நிற்கும். மனிதர்களின் உலகத்தைத் தாண்டிவிட்டான் என்பதை அந்த வேக மாற்றத்தால்தான் முர்னா சொல்கிறார். படம் முழுவதுமே ஓடினால் அந்த வண்டி எப்படித் தனியாகத் தெரியும்?

இத்தனை கெட்ட பிரதிகள் ஏன் சுற்றுகின்றன என்றால், படம் பிழைத்ததே பெரிய காரியம். தயாரித்த பிராணா நிறுவனம் ஸ்டோக்கர் நாவலுக்கு உரிமை வாங்கவில்லை. அவர் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்குள் நிறுவனம் திவாலாகியிருந்தது. வெளிநாடுகளுக்குப் போன பிரதிகள் மட்டும் தப்பின. ஒவ்வொரு நாட்டிலும் அவரவர் விருப்பத்துக்கு வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். பிறகு அமெரிக்காவில் உரிமை யாருக்கும் இல்லை என்றாகிவிட்டதால், கையில் கிடைத்த நகலை யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டார்கள். பிரான்சில் பாதுகாத்த 1922-ஆம் ஆண்டுச் சாயப் பிரதியை அடிப்படையாக வைத்து, லூசியானோ பெரியாத்துவா 2005-06-ல் முர்னா அறக்கட்டளைக்காகச் சீரமைத்த பதிப்பு 94 நிமிடம் ஓடும். தேட வேண்டியது அதைத்தான்.

பிரதியைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். நீளம் 90 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். டைட்டில் கார்டில் ஓர்லோக், ஹுட்டர், அவன் மனைவி எல்லன், அவர்கள் ஊர் விஸ்போர்க் என்ற பெயர்கள் வர வேண்டும். டிராகுலா, ஹார்க்கர், பிரெமன் என்று வந்தால் அது வெளிநாட்டில் மாற்றியது. நடுவே எங்காவது நகர்த்திப் பாருங்கள், நிறம் மாறுகிறதா என்று. ஒரே சாம்பல் நிறமாக ஓடினால் மூடிவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் சோதனைக்காகத் தொடாதீர்கள்.

வேறு வழியே இல்லை, 70 நிமிடப் பிரதிதான் கிடைத்தது என்றால் ஒரு கைவைத்தியம் உண்டு. பிளேபேக் வேகத்தை 0.75-க்கு வையுங்கள். 24-இல் முக்கால் பங்கு சரியாக 18. நடை மனித நடையாகிவிடும். ஒலியை அணைத்துவிடுங்கள், இசை இழுபடும். பெரும்பாலும் அது எவரோ ஒட்டவைத்த இசைதான், இழப்பில்லை. (ஹான்ஸ் எர்ட்மன் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசையின் மறுஆக்கம் சீரமைத்த பதிப்பில் இருக்கிறது.) நிறம் மட்டும் இந்த வைத்தியத்தில் திரும்பாது.

டிவியையும் கொஞ்சம் கவனியுங்கள். மௌனப் படத்தின் சட்டம் 4:3. அகலத் திரையை நிரப்புகிறேன் என்று இழுத்துவிட்டால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். மாக்ஸ் ஷ்ரெக் நடித்த ஓர்லோக் முழுக்க முழுக்க ஒல்லியான உயரத்தால் ஆனது. பனைமரம் மாதிரி நிற்க வேண்டியவரைக் குட்டைத் தூணாக்கிவிடுவீர்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருக்கட்டும். மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதியை அணையுங்கள், அது இல்லாத ஃப்ரேம்களைத் தானாக இட்டுக்கட்டும். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்குக் குறையுங்கள், இல்லையென்றால் ஃபிலிமின் மணித்துகள் எல்லாம் கொசுக்கூட்டமாகத் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். ஓர்லோக் திரையில் வரும் நேரம் மொத்தமாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. குனிந்து ஒரு மெசேஜ் படித்தால் மாடிப்படிச் சுவரில் ஏறும் நிழலைத் தவறவிடுவீர்கள். அந்த நிழலின் கை எல்லனின் மார்பு மேல் படர்ந்து இதயத்தை இறுக்கிப் பிடிப்பதைத் தவறவிட்டால் படத்தையே தவறவிட்டதாக அர்த்தம்.

'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' விஷயம் வேறு. அதை நீங்கள் மட்டுமில்லை, இன்று யாரும் பார்க்க வழியில்லை. டாட் பிரௌனிங் இயக்கி லான் சேனி நடித்த 1927-ஆம் ஆண்டுப் படம். கடைசியாகத் தெரிந்த பிரதி 1960-களில் எம்.ஜி.எம். கிடங்கில் பிடித்த தீயில் எரிந்தது. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தது 2002-ல் ஸ்டில் ஃபோட்டோக்களை அடுக்கிச் செய்த மறுஆக்கம். அதை வைத்துப் படத்தை நல்லது என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. உயரத் தொப்பியும் கூரிய பல்வரிசையுமாகச் சேனி நிற்கும் அந்த ஒரு புகைப்படம்தான் அதன் புகழைச் சுமக்கிறது. கதை எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமானால், பிரௌனிங்கே 1935-ல் பெலா லுகோசியை வைத்து மறுபடி எடுத்த 'மார்க் ஆஃப் த வாம்பயர்' இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' பிரதியே இல்லாமல் போன நமக்கு இந்த இழப்பு புரியாததில்லை.

பட்டியலில் நீங்கள் டிக் அடித்த மற்றவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931) பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில் சிறுமியோடு உட்கார்ந்து பூ மிதக்கவிடும் காட்சியில், பூ தீர்ந்ததும் அவளையும் பூப்போல மிதப்பாள் என்று நினைத்து அந்த உருவம் நீரில் எறிகிறதா? பழைய பிரதிகளில் அது கை நீட்டும் இடத்திலேயே வெட்டிவிட்டார்கள். அடுத்து அப்பா பிள்ளையின் உடலைச் சுமந்து வருவார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று மனசு போகும் இடம் எறிவதைவிடக் கேவலமானது. தணிக்கை ஒரு அறியாமையைக் குரூரமாக்கிவிட்டது. வெட்டிய துண்டை 1980-களில்தான் திருப்பிச் சேர்த்தார்கள். அதே வருடத்து 'டிராகுலா'வுக்கு ஸ்பானிஷில் ஓர் இரட்டைப் படம் உண்டு என்பதும் பல ரசிகர்களுக்குத் தெரியாது. ஆங்கிலக் குழு பகலில் எடுத்துவிட்டுப் போனதும், அதே செட்டில் ராத்திரியில் வேறு நடிகர்களோடு ஜார்ஜ் மெல்ஃபோர்ட் எடுத்தது. ஆங்கிலம் 75 நிமிடம், ஸ்பானிஷ் 104 நிமிடம். கேமரா அசைவில் ஸ்பானிஷ் படம்தான் மேல். ஆங்கிலத்தில் டிராகுலாவாக வரும் லுகோசி அதில் இல்லை என்பதுதான் ஒரே குறை.

'நோஸ்ஃபெராட்டு'வை நீலத்தோடும் இளஞ்சிவப்போடும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அந்தக் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.