கொடியும் கொலாஜும்: கேட்டவர்களுக்குப் பதில்

பாம்பனில் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கரையில் கிடப்பதை ஸ்கேன் செய்து, அந்தத் துண்டுகளால் நாடுகளின் கொடிகளைக் கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டுவது பல வருஷப் பழக்கம். இப்படித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கலைக்குத்தான் கொலாஜ் என்று பெயர். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கொடியை வைத்துக் கலை செய்வது புதுசா அண்ணே? (தொண்டி, கல்லூரி மாணவி)

பழசு, தங்கச்சி. ஜாஸ்பர் ஜான்ஸ் என்ற அமெரிக்கர் 1954-55இலேயே தன் நாட்டுக் கொடியைச் செய்தார். அடியில் செய்தித்தாள் துண்டுகள், மேலே உருக்கிய மெழுகில் கலந்த நிறம். கிட்டே போனால் பட்டைக்குள் அச்செழுத்து தெரியும். 1990இல் டேவிட் ஹாமன்ஸ் அதே கொடியைக் கறுப்பு, சிவப்பு, பச்சையில் செய்தார். நட்சத்திரத்தையும் பட்டையையும் தொடவில்லை. நிறம் மாறியதும் அது கறுப்பின மக்களின் கொடியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது ஜப்பான்காரர் யுகினோரி யானகி. கண்ணாடி போன்ற பெட்டிகளில் நிற மணலால் கொடிகள் போட்டு, பெட்டிகளைக் குழாயால் இணைத்து, உள்ளே எறும்பை விட்டார். எறும்பு ஒரு நாட்டு மணலை இன்னொரு நாட்டுக்குச் சுமந்தது.

மூன்று பேருமே கொடியின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, செய்யும் பொருளையோ நிறத்தையோ மட்டும் மாற்றியவர்கள். கொடி கொடியாகத் தெரிய வேண்டும், அப்புறம்தான் உறுத்த வேண்டும்.

எந்தக் கொடியில் ஆரம்பிக்கலாம்? (மண்டபம்)

கிரிபாட்டி. பசிபிக் தீவு நாடு. மேலே சிவப்பு வானம், பறக்கும் ஃபிரிகேட் என்ற கடற்பறவை, 17 கதிரோடு சூரியன், கீழே அலை. நம் கரையில் எல்லாமே கிடைக்கும். அலைக்கு நைந்த நீல நைலான் வலை. சூரியனுக்குக் கட்டக்கோரைப் பாசி. நிறம் பொன் கலந்த பழுப்பு. கதிரை எண்ணி வையுங்கள். ஒவ்வொரு கதிரும் ஒரு தீவுக்கு, 16 போட்டால் ஒரு தீவு போச்சு.

பாசியை ஈரத்தோடு ஸ்கேனரில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். உப்புத் தண்ணீர் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி, மறுவாரம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஸ்கேனர் அதோடு சரி.

நம் தேசியக் கொடியில் செய்யலாமா சார்? (பரமக்குடி)

செய்யாதீர்கள். 1971ஆம் வருஷத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் துணிக் கொடிக்கு மட்டுமல்ல, அதன் படத்துக்கும் பொருந்தும். மேலே எழுத்துப் போடுவதும் அவமதிப்புதான். மூன்று வருஷம் வரை சிறை. விமர்சனத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, ஆனால் எது விமர்சனம், எது அவமதிப்பு என்ற எல்லையை நீங்களும் நானும் போட முடியாது. ஆகஸ்டில் கொடி மேல் கடைப்பெயர் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கும் இதே பதில்.

ஃபோட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாது.

கிம்ப், கிரிட்டா. இரண்டும் இலவசம்.

பிரிண்ட் எடுத்தால் உடைகிறது, நிறமும் மங்குகிறது. (சாயல்குடி)

இணையத்தில் எடுத்த படம்தானே? எடுக்காதீர்கள், சொந்தமாக ஸ்கேன் செய்யுங்கள். 3 அடிக்கு 2 அடி தாளில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 10,800க்கு 7,200 பிக்சல். ஆரஞ்சு திரையில் எரியும், மையில் அடங்கிவிடும். சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அச்சு மையின் நான்கு நிற முறைக்கு, மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சக்கரத்துக்குப் பதிலாக படகுச் சுக்கான் வைத்தால்? (தேவிபட்டினம்)

மேலே சொல்லிவிட்டேன்.

தம்பியின் படகைப் பிடித்து அந்தக் கரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இலங்கைக் கொடியை அழகாகச் செய்து கடையில் மாட்டியிருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது? (தங்கச்சிமடம்)

கோபம் நியாயம்தான் அண்ணே. அழகுக்காகச் செய்ததில்லை அது. அந்தக் கொடியில் சிங்கம் தனிக் கட்டத்தில் நிற்கிறது. பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு, ஆரஞ்சு தமிழர்களுக்கு என்று 1951இல் சேர்த்தார்கள். இரண்டும் வெளியே நிற்கின்றன, நடுவில் மஞ்சள் வரப்பு. சிங்கம் வாளோடு பார்ப்பது அந்தப் பட்டைகள் பக்கம். ஆரஞ்சுப் பட்டையை நான், கரையில் உடைத்துப் போட்ட வல்லத்துப் (நாட்டுப்படகு) பலகையிலிருந்து எடுத்தேன். வெடிப்புக்குள் பாருங்கள், அடியில் பழைய பச்சைப் பூச்சு இருக்கும். அதற்காகவே அந்தப் பலகை.

வாளைப் பிடுங்கிவிட்டுச் சிங்கத்தின் கையில் துடுப்பைக் கொடுங்கள். (மறுபடி தங்கச்சிமடம்)

யோசித்துப் பார்த்தேன். கார்ட்டூன் ஆகிவிடும்.

ஆர் சொன்னது வாளை எடுக்கச் சொல்லி? செம்மஞ்சள் எங்களுக்கெண்டுதான் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை. வாள் அப்பிடியே இருக்கட்டும், பாக்கிறவைக்கு விளங்கட்டும். (மண்டபம் இலங்கை அகதிகள் முகாம், பிறந்தது தலைமன்னார்)

நான் இவர் பக்கம்.

காக்கா, ஆரஞ்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பச்சையை எதில் செய்தீர்கள்? (கீழக்கரை. அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்)

மாட்டிக்கொண்டேன். அது வெறும் நிறம், மவுஸில் ஒரு கிளிக். எல்லாத் துண்டுக்கும் காரணம் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அங்கே சோம்பேறித்தனம் செய்திருக்கிறேன். மாற்ற வேண்டும்.

அப்படியானால் தம்பியின் பழைய வல்லத்துப் பலகை வீட்டில் கிடக்கிறது. பச்சைதான். எடுத்துக்கொள்வீர்களா? (தங்கச்சிமடம்)

கொண்டு வாருங்கள். எங்கே வைப்பது என்று கீழக்கரைத் தம்பியையும் கேட்டுக்கொள்வோம்.

மூவர்ணத்தில் மீன்களை அடுக்கினால்... (பெயர் இல்லை)

மேலே. மேலே.

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு ஒன்று: பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்து வாருங்கள். ஸ்கேனர் புதுசு.