சிங்கப்பூரில் வீடு தேடிப் போகும் மனநல நெருக்கடிக் குழுவில் வேலை எப்படி இருக்கும்?

தாதிமைப் படிப்பை முடிக்கப்போகும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்கே போய் என்னதான் செய்வீர்கள்?

பாதி நேரம் கதவுக்கு வெளியேதான் நிற்போம், மா. வீவக வீட்டின், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டின், இரும்புக் கதவு பூட்டியே இருக்கும். அதன் வழியாகத்தான் பேச்சு. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று தமிழில் கேட்டதும் பூட்டைத் திறந்தவர் உண்டு. குரல் தாழ்ந்திருக்க வேண்டும், கைகள் அவர் கண்ணில் பட வேண்டும், அவருக்கு வெளியேறும் வழியை மறைக்கக்கூடாது. பேசிக்கொண்டே கண்கள் வீட்டைப் படிக்கும்: பிரிக்காத மருந்துப் பொட்டலம், திறந்திருக்கும் சன்னல், காலியான அடுப்படி. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்போம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தவறானது. கேட்டதும் அழுது ஆறுதலடைந்தவர்களே அதிகம்.

தனியாக ஒருபோதும் போவதில்லை. ஆபத்து தெரிந்தால் காவல்துறையை அழைப்போம்; 2008ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது.

என்னை வருத்துவது வேறு. நம் குடும்பங்கள் மிகத் தாமதமாகத்தான் அழைக்கின்றன. "பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சுடும்" என்று மாதக்கணக்கில் மறைத்து, கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில்தான் தொலைபேசியை எடுக்கிறார்கள். "போலிஸ் கேஸ் ஆயிடுமா?" என்று அம்மாக்கள் நடுங்குவார்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமே இல்லை. மனநலக் கழகத்தின் (IMH மருத்துவமனை) 6389 2222 உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. இந்த இரண்டையும் படிப்பு முடியும் முன்பே உங்கள் உறவினர்களிடம் சொல்லத் தொடங்குங்கள்.