வெளியீட்டுக் குழு கிளிநொச்சியில் கூடும் வாரத்தில் புதன்கிழமை வெளியீட்டை என்ன செய்வது?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வெளியீட்டுப் பொறியியல் குழுவுக்குக் கிளிநொச்சியில் இருந்தபடி ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. குழுவில் ஒன்பது பேர். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்று சிதறி இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு வாரம் எல்லோரும் இங்கே நேரில் கூடி வேலை செய்யப் போகிறார்கள். அந்த வாரம் புதன்கிழமை இரவு ஒரு வெளியீடும், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பைப் பயனாளருக்கு அனுப்பும் வேலையும், இருக்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் அது இன்னும் பாதுகாப்பானது என்கிறார் முகாமையாளர். மண்டபம், தங்குமிடம், சாப்பாடு, வான், 'உத்தரவாதமான' இணையம் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குத் தருவதாக ஒருவர் பேசுகிறார். இணையம் விழுந்தால் பழி என்மேலும் எங்கள் ஊர்மேலும் வரும் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: புதன்கிழமை வெளியீட்டை அந்த வாரத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை முந்திய வாரத்துக்கோ பிந்திய வாரத்துக்கோ நகர்த்துவது முகாமையாளருக்குப் பெரிய வேலை அன்று. காரணம் கிளிநொச்சியின் இணையமும் அன்று. இதே கூட்டம் கொழும்பில் நடந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குழுவில் ஓர் ஊருக்கு மின்சாரம் போனால் மற்ற ஊர்க்காரர் மிஞ்சுகிறார்கள். அனைவரையும் ஒரு மண்டபத்தில் இருத்தியவுடன் அந்தப் பலம் போய்விடுகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒன்றாகவே நின்றன. உங்களுடையது போன்ற குழுவில் அன்று தடையின்றி வேலை செய்திருக்கக்கூடியவர்கள் சென்னையில் இருப்பவர்கள் மட்டுமே. அவர்களையும் இங்கே கூட்டிவந்துவிட்டு, 'எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் பாதுகாப்பு' என்பது தலைகீழான கணக்கு. தவிரவும், வெளியீட்டு இரவில் ஒருவர் கட்டளை கொடுப்பார், இருவர் திரையைக் கவனிப்பார்கள், மற்றவர்கள் காத்திருப்பார்கள். முதல் நாள் அதன் பதற்றம், மறுநாள் தூக்கக் கலக்கம் என்று ஐந்து வேலைநாளில் மூன்று கரைந்துபோகும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைக்காக ஆறு ஏழு மணித்தியாலம் பயணம் செய்து வருவானேன்?

ஒரு விலக்கு உண்டு; அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று திடீரென்று வெளிப்பட்டால் அதை அடைக்கும் திருத்தம் காத்திருக்காது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருளின் வெளியீட்டுப் பொதிக்குள் (பயனாளருக்கு அனுப்பும் கோப்புத் தொகுப்புக்குள்) யாரோ திட்டமிட்டு மறைத்த பின்கதவு, அதாவது களவாக உள்ளே நுழையும் வழி, 2024 மார்ச் 29 அன்று, பெரிய வெள்ளியன்றுதான் அம்பலமாயிற்று. உலகெங்கும் வெளியீட்டுக் குழுக்கள் விடுமுறையை விட்டுவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தன. அத்தகைய அவசரம் உங்கள் வாரத்திலும் வரலாம். அதற்காக நான்கு விடயங்களை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 'இது அவசரம்' என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தோடு வேறு எந்த மாற்றமும், 'சின்னதுதான்' என்று எவர் சொன்னாலும், சேரக் கூடாது. வெளியீட்டை நிறுத்தவும் பழைய பதிப்புக்குத் திருப்பவும் தெரிந்த ஒருவர் அந்த வாரம் கிளிநொச்சிக்கு வராமல் தன் ஊரிலேயே இருக்க வேண்டும். திருத்தம் முதலில் ஒரு சிறு பகுதிப் பயனாளருக்கு மட்டும் போக வேண்டும். குளத்து மதகான துருசை ஒரேயடியாகத் திறக்காமல் சற்றே திறந்து வாய்க்கால் தாங்குகிறதா என்று பார்ப்பது போன்றது இது. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், விற்பனைப் பிரிவு கேட்கிறது என்பவை அவசரம் அல்ல. அவற்றை அவசரம் என்று பெயர் மாற்றி உள்ளே தள்ளுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அப்படியானால் அந்த வாரத்தில் என்ன செய்வது? ஒத்திகை. பெரும்பாலான குழுக்களில் வெளியீட்டை முழுதாகச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். கேட்டால், எல்லாம் ஆவணத்தில் எழுதியிருக்கிறது என்பார். அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை வெளியீடே செய்யாத ஒருவர், உண்மையான பயனாளர் எவரும் இல்லாத சோதனைச் சேர்வரில், பதிப்பெண் இடுவதிலிருந்து பொதியைத் தயாரித்து அனுப்பிவிட்டுப் பழைய பதிப்புக்குத் திருப்புவது வரை செய்து பார்க்க வேண்டும். தெரிந்தவர் விசைப்பலகையைத் தொடாமல், வாய் திறக்காமல் பின்னால் இருக்க வேண்டும். செய்பவர் தடுமாறி நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்; அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, தெரியாதவர் எழுதுவதே நல்லது. சூம் வழியாக இதைச் செய்ய முடியாது. திரையில் தெரிவது கட்டளைகள்தான். கட்டளை கொடுக்கு முன் அவர் எந்தத் துண்டுக் கடதாசியைப் பார்த்தார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

எழுதப்படாத ஒரு படி எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் சாட்சி. எட்டுச் சேர்வர்களுக்குப் புதிய நிரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. 2012 ஓகஸ்ட் 1 அன்று சந்தை திறந்தபின் அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் பங்குகளைத் தாறுமாறாக வாங்கியும் விற்றும் தள்ள, சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறையே அங்கே இருக்கவில்லை. பொதி உங்களுடையதுதான் என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தை இடும் இரகசியச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் நோயுற்றால் யார் என்பதையும் அந்த வாரத்திலேயே நேரில் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை வட்ஸ்அப்பில் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள்.

இனி அந்த ஒரே தொகைத் தரகர். இப்படி வருபவர்களில் அநேகரிடம் மண்டபமும் இல்லை, வானும் இல்லை, இணைய இணைப்பும் இல்லை. இணைய நிறுவனம் மண்டப உரிமையாளருக்கே தராத உத்தரவாதத்தை நடுவில் நிற்பவர் உங்களுக்குத் தர முடியாது. வெறிச்சோடிய மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் வேகத்தைக் காட்டுவார். அதை நம்ப வேண்டாம். இணைப்பு யாருடைய பெயரில், எந்த நிறுவனத்துடையது, மாத அளவு முடிந்தால் வேகம் குறையும் இணைப்பா, விடுதி அறைகளும் அதிலேயே தொங்குகின்றனவா என்று உரிமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரு வேலைநாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு போய்ச் சோதியுங்கள். அப்போது பிரதான மின் ஆளியை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மின்பிறப்பாக்கி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது இயங்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில் ரவுட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து இணைப்புப் பெறச் சில நிமிடங்கள் ஆகும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி) வைத்தால் அந்தத் தொல்லை தீரும். மண்டபத்து ஃபைபர் ஒரு நிறுவனத்துடையது என்றால், துணைக்கு வைக்கும் சிம் ரவுட்டர் வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும்.

அதிவேகம் என்று தரகர் சொல்லும் விலை உங்களுக்குத் தேவையற்றது. வெளியீட்டுப் பொதிகள் தயாராவது தூரத்தில் உள்ள சேர்வர்களில். மடிக்கணினியிலிருந்து போவது கட்டளை மட்டுமே. உங்களுக்கு வேண்டியது அறுபடாத இணைப்பு. எவராவது தன் மடிக்கணினியிலேயே பொதியைத் தயாரித்து ஏற்றுகிறார் என்று தெரிந்தால், அதுவே ஒத்திகையில் முதலாவதாகப் பேச வேண்டிய குறை. 'சான்றிதழுடன் ஒருநாள் பயிற்சி' என்று இன்னொருவரைத் தரகர் கூட்டி வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் குழுவின் வெளியீடு எங்கே இடறுகிறது என்பது வெளியில் இருந்து வருபவருக்குத் தெரியாது.

இந்தத் தரகர்களை வளர்ப்பது நிறுவனங்களின் நிதிப்பிரிவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற வழங்குநர், மூன்று விலைமனு, ஒரே பற்றுச்சீட்டு என்று கேட்கிறார்கள். மத்தியானச் சோறு சமைத்துத் தரக்கூடிய கிளிநொச்சிப் பெண்களிடமும், சொந்த வான் ஓட்டுபவரிடமும் அவை இருக்காது. தரகரிடம் மூன்றும் இருக்கும். மோசடியைத் தடுக்க எழுதிய விதி, வேலை செய்பவரை விலக்கிவிட்டு இடையில் நிற்பவருக்குப் பணத்தைக் கொடுக்கிறது. கொழும்பில் இருந்து இதை எழுதியவர்கள் ஒருமுறையாவது ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கு வந்து பார்க்கட்டும். அதுவரை, சிறு செலவுகளுக்கு முற்பணம் எடுத்து, கையெழுத்துப் பற்றுச்சீட்டோடு கணக்குக் காட்ட எழுத்தில் அனுமதி கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

சென்னையில் இருந்து வருபவர்கள் சுற்றுலா என்று குறிப்பிட்டு மின்னியல் பயண அனுமதி எடுக்கக் கூடாது. கூட்டம், பயிலரங்கு ஆகியவற்றுக்கு வணிக நோக்க அனுமதி தனியாக இருக்கிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பிக்கட்டும். அதைப் போலத் தோன்றும் முகவர் தளங்கள் மேலதிகமாக அறவிடுகின்றன. வெளிநாட்டவர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், எடுத்துத் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீண்டும் கொண்டுவரப்பட்ட அந்த நடைமுறை 2015 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது.

அவர்களுடைய கைத்தொலைபேசியையும் மறக்க வேண்டாம். நிறுவனக் கணக்குகளுக்குள் நுழையும் இரகசிய எண் குறுஞ்செய்தியாக இந்திய இலக்கத்துக்கு வருவதாக இருந்தால், வெளிநாட்டுச் சேவை (ரோமிங்) இயக்கப்படாத சிம்மில் அது வராது. திங்கட்கிழமை காலை அவர்கள் சும்மா இருப்பார்கள். எண்ணைத் தானே உருவாக்கும் செயலிக்கு மாறிக்கொண்டு, சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே புறப்படும்படி இன்றே எழுதி அனுப்புங்கள்.