சரணடைய முடியாதவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நகரங்களின் மீது பிரிட்டிஷ் விமானப்படை நடத்திய குண்டுவீச்சைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதை எதிர்த்துப் பேசிய சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல்லை அறத்தின் குரலாக முன்னிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. போரைத் தொடங்கியது ஜெர்மனி. வார்சா, ராட்டர்டாம், லண்டன், கவென்ட்ரி என்று நகரங்களை எரிக்கத் தொடங்கியதும் ஜெர்மனிதான். ஹிட்லருக்கு வாக்களித்ததும் அந்த நகரங்களில் வாழ்ந்த மக்கள்தாம். நாஜிகளின் வதைமுகாம்களில் அன்றாடம் மனிதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், போரை ஒரு நாள் முன்னதாக முடிக்க உதவிய எதையும் நான் குறைசொல்ல மாட்டேன். பெல்லைப் போலவே பேசிய எழுத்தாளர் வீரா பிரிட்டனுக்கு ஜார்ஜ் ஆர்வெல் சொன்ன பதிலை நீங்கள் தொடவே இல்லை. போர் என்று வந்துவிட்டால் இளைஞர்கள் மட்டும் சாவதைவிட எல்லா வயதினரும் சாவது மேல் என்றார் அவர். அதில் என்ன பிழை? பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் விலகச் சொல்லிவிட்டு அம்பு எய்ததாகப் புறநானூறு பாடுகிறது. எந்தப் போரும் அப்படி நடந்ததாக நான் நம்பவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது எளிது. 1943இல் அந்த அமைச்சரவையில் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

எஸ். கே.
ஈரோடு

அன்புள்ள எஸ். கே.,

உங்கள் கோபம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. ஹிட்லரின் ஜெர்மனியை ஆயுதத்தால் வீழ்த்தியே ஆகவேண்டியிருந்தது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை; பெல்லுக்கும் இருக்கவில்லை. அவரைப் போர் என்றாலே கூசுகிற சாதுவாக நீங்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. 1933 முதலே நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியக் கிறித்தவர்களுக்கும், யூத வழிவந்த அகதிகளுக்கும் துணைநின்றவர் அவர். 1942இல் சுவீடனில் நாஜி எதிர்ப்பாளரான ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபரைச் சந்தித்து, ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருந்தவர்களின் பெயர்களைப் பெற்றுவந்து வெளியுறவு அமைச்சர் ஈடனிடம் சேர்ப்பித்தார். ஈடன் அதை ஏற்று நடவடிக்கை எடுக்கவில்லை. 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் அவையில் பேசியபோதும் தொழிற்சாலைகளையும் துறைமுகங்களையும் தாக்குவதை அவர் மறுக்கவில்லை. ஹாம்பர்க்கில் மிக முக்கியமான ராணுவ இலக்குகள் இருந்தன என்பதை அவரே எடுத்துச் சொன்னார். அந்த இலக்குகள் இருப்பதைக் காரணமாக்கி நகரம் முழுவதையும் அழிப்பது தகுமா என்பதுதான் அவர் கேள்வி. அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொன்று உங்கள் வாக்குக் கணக்குக்கு நேரடியாகப் பொருந்தும்: நாஜிகளுக்கு எதிர்ப்பு மிகுந்திருந்த நகரம் ஹாம்பர்க். 1933 மார்ச்சில் நடந்த தேர்தலில், தெருவெங்கும் அடியாட்களை நிறுத்திவைத்திருந்தும், நாடு முழுவதிலும் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 44ஐ எட்டவில்லை. அந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்தபோது பத்து வயது. முதலில் எரித்தவர் யார் என்ற வாதத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் மீதான குற்றச்சாட்டுக்கு உதவும். அந்தப் பத்து வயதுக் குழந்தைக்கு எதிராக எதையும் நிறுவாது.

இந்தக் கொள்கை எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தால் நீங்கள் நினைப்பதைவிட நான் உங்களுக்கு நெருக்கமாகவே நிற்கிறேன் என்பது விளங்கும். பிரிட்டிஷ் விமானங்கள் இரவில்தான் பறக்க முடிந்தது. பகலில் போனால் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1941 ஆகஸ்டில் இந்தத் தாக்குதல்களை ஆராய்ந்து வந்த ‘பட் அறிக்கை’, இலக்கைத் தாக்கியதாகச் சொல்லித் திரும்பிய விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தொலைவுக்குள்ளாவது சென்றிருந்தது என்று காட்டியது. தொழிற்சாலையைக் குறிபார்த்து அடிக்க முடியாத படைக்கு நகரம் ஒன்றே தவறாமல் அடிக்கக்கூடிய இலக்காக எஞ்சியது. 1942 பிப்ரவரி 14 அன்று வந்த ஆணை எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதையே முதன்மை நோக்கமாக வைத்தது. குறிவைக்க வேண்டியவை குடியிருப்புப் பகுதிகளே, கப்பல் தளங்களோ விமானத் தொழிற்சாலைகளோ அல்ல என்று விமானப்படைத் தலைவர் போர்ட்டல் மறுநாளே குறிப்பெழுதித் தெளிவுபடுத்தினார். (எல்லாப் பழியும் ஆர்தர் ஹாரிஸ் தலையில் விழுவது வழக்கமாகிவிட்டது. அவர் குண்டுவீச்சுப் படையின் பொறுப்பை ஏற்றது இந்த ஆணை வந்து ஒரு வாரம் கழித்துத்தான்.) ஐரோப்பாவில் அன்றைக்குப் பிரிட்டனுக்குத் தரைப்போர் முனையே இல்லை, ரஷ்யர்கள் தனியாக இரத்தம் சிந்திக்கொண்டிருந்தார்கள், ஜெர்மனியைத் தொடக்கூடிய நீளமான கை விமானப்படை ஒன்றுதான். அந்தக் கையாக இருந்தவர்களில் 55,573 பேர் போர் முடிவதற்குள் இறந்துபோனார்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று என் கட்டுரை எங்கும் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையில் நான் அழுத்தம் கொடுத்த இடத்தை நீங்கள் கடந்துபோய்விட்டீர்கள். தாங்கள் செய்வதை பிரிட்டிஷ் அரசு தன் சொந்த மக்களிடமே மறைத்தது. நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோதெல்லாம் விமானத்துறை அமைச்சர் ஆர்ச்சிபால்டு சின்கிளேர், இலக்குகள் எப்போதும் ராணுவ இலக்குகளே, சுற்றியிருக்கும் இடங்கள் அழிவது தவிர்க்க முடியாதது என்றே பதில் சொன்னார். 1943 அக்டோபரில் ஹாரிஸ் இதைக் கண்டித்து எழுதினார். ஜெர்மானிய நகரங்களை அழிப்பதும், தொழிலாளர்களைக் கொல்வதும், அந்நாட்டின் நாகரிக வாழ்க்கையைக் குலைப்பதுமே நோக்கம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள், இவற்றை ஏதோ தற்செயலான பக்க விளைவுகளாகக் காட்டாதீர்கள் என்று கோரினார். அமைச்சகம் மறுத்துவிட்டது. சமயத் தலைவர்கள் கண்டித்துப் பேசினால் விமானிகளின் மனவுறுதி குலையும் என்று சின்கிளேர் அஞ்சினார். எதிரியின் மனவுறுதியைக் குலைக்கவென்று வகுத்த கொள்கை, அதன் உண்மைப் பெயரால் அழைக்கப்பட்டால் தம் படையின் மனவுறுதியையே குலைத்துவிடும் என்று அதை நடத்தியவர்களே அறிந்திருந்தார்கள். இதைவிட வலுவான சாட்சியத்தை பெல்லால் அவையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க முடியாது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, மார்ச் 28 அன்று, வேறு சாக்குகளைச் சொல்லிக்கொண்டு அச்சத்தைப் பெருக்குவதற்காகவே நகரங்களைக் குண்டுவீசி அழிப்பதை மறுபரிசீலனை செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சர்ச்சில் எழுதினார். தளபதிகள் கொதித்தெழவே அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நான்கு நாட்களில் மென்மையான வேறொன்றை அனுப்பினார். ‘சாக்கு’ என்ற சொல் அவருடையது, என்னுடையது அல்ல.

ஆர்வெலைத் தவிர்த்தேன் என்கிறீர்கள். உண்மை, தவிர்த்தேன், இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பில் பேசியவர்களிலேயே மிகக் கடினமானவர் அவர். 1944இல் வீரா பிரிட்டன் இந்தக் குண்டுவீச்சைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவ்வாண்டு மே 19 அன்று டிரிப்யூன் இதழில் ஆர்வெல் அதற்கு மறுப்பு எழுதினார். போரை ஏற்றுக்கொண்டுவிட்டு அதன் கொடூரமான பகுதிகளை மட்டும் விலக்கச் சொல்வது பாசாங்கு என்பதும், குண்டு விழும்போது சமூகத்தின் எல்லாப் பிரிவினரும் சாகிறார்கள், அது இளைஞர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொல்வதைவிடக் கேடானதல்ல என்பதும் அவர் வாதங்கள். பாதுகாப்பான இடத்திலிருந்து இதை அவர் சொல்லவில்லை. எழுதிய ஆறு வாரத்துக்குள் லண்டனில் அவர் குடியிருந்த வீட்டையே ஜெர்மானியப் பறக்கும் குண்டு சிதைத்தது. வீரா பிரிட்டனும் இளைஞர்களின் சாவை அறியாதவரல்லர். முதல் உலகப்போரில் தான் மணக்கவிருந்தவரையும் தன் தம்பியையும் பறிகொடுத்தவர்.

பாசாங்கைப் பற்றி ஆர்வெல் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பிழை அவருடைய இரண்டாம் வாதத்தில் இருக்கிறது. யாருடைய உயிர் விலை கூடியது என்பதற்கான விடையாக படைவீரருக்கும் குடிமக்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் புரிந்துகொண்டார். கட்டாயத்தால் சீருடை அணிந்த பத்தொன்பது வயதுப் பையனின் உயிர் அவன் தாயின் உயிரைவிடக் குறைந்ததல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பையன் கையில் துப்பாக்கி இருக்கிறது, அதைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை உயர்த்தவும் அவனால் முடியும்; உயர்த்திய பிறகு சுட்டால் அது கொலை என்பதை எல்லாப் படைகளும் ஒப்புக்கொள்கின்றன. 1943 ஜூலை 27 இரவில் ஹாம்பர்க்கில் நெருப்புப் புயல் எழுந்தபோது நிலவறைகளில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் யாரிடம் கைகளை உயர்த்துவது? வானத்தில் பறந்துகொண்டிருந்தவர்களிடமா? அவர்களுடைய அரசு சரணடையும்வரை அவர்கள் தொடர்ந்து கொல்லப்பட வேண்டும், அரசோ அவர்களைக் கேட்டு நடப்பதில்லை. அந்தப் பத்து நாள் தாக்குதலில் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயுதம் ஏந்தியவனைக் கொல்வது அவனைத் தடுப்பதற்காக. இவர்களைக் கொன்றது வேறு யாருக்கோ செய்தி சொல்வதற்காக. ஆர்வெலின் அந்த வாதத்துக்கு என்னால் தரமுடிந்த விடை இவ்வளவுதான். 1945 வசந்தத்தில் செய்தியாளராக ஜெர்மனிக்குச் சென்ற அவரே, அந்த இடிபாடுகளின் நடுவே நடக்கும்போது நாகரிகம் தொடருமா என்ற ஐயமே எழுகிறது என்ற பொருளில் எழுதினார். தன் பழைய வாதத்தை அவர் திரும்பப் பெற்றுவிட்டதாக நான் இதை வைத்துச் சொல்லவரவில்லை.

முகாம்களைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு உங்களைவிட வலுவான ஒரு சான்றை நானே தருகிறேன். டிரெஸ்டனில் எஞ்சியிருந்த சொற்ப யூதர்களில் ஒருவர் விக்டர் கிளெம்பரர் என்ற பேராசிரியர். 1945 பிப்ரவரி 13 பகலில், நாடுகடத்தலுக்கு வந்து சேரும்படி மற்ற யூதர்களுக்கு வந்த ஆணைகளை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அன்றிரவு குண்டுகள் விழுந்தன. அந்தக் குழப்பத்தில் அவர் மனைவி அவருடைய மேலங்கியிலிருந்த, யூதர் என்று அடையாளம் காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்தெடுத்தார். இருவரும் தப்பிப் பிழைத்தார்கள். ஏறத்தாழ 25,000 பேரைக் கொன்ற நெருப்பு அவரைக் காப்பாற்றியது. (நாஜிப் பிரச்சாரம் இந்த எண்ணிக்கையை ஏறத்தாழப் பத்து மடங்காக ஊதிவிட்டது, இன்றும் சிலர் அதைச் சொல்லித் திரிகிறார்கள்.) கிளெம்பரரின் நாட்குறிப்பை வாசித்தபின் டிரெஸ்டனைப் பற்றி எளிதாக எதையும் எழுத முடிவதில்லை. ஆனாலும் அவரைக் காப்பாற்றுவதற்காக விமானங்கள் அனுப்பப்படவில்லை. போரைச் சுருக்க வழி தேடியவர்களுக்கு 1944 இறுதியில் வழி தெரிந்தே இருந்தது: எரிபொருள் ஆலைகளைத் தாக்கியபோது ஜெர்மானியப் படை முடங்கத் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் போர்ட்டல் எண்ணெயை அடியுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார், ஹாரிஸ் நகரங்களையே பிடித்துக்கொண்டிருந்தார். போரைச் சீக்கிரம் முடிப்பதுதான் நியாயம் என்றால், அந்தக் கடைசி மாதங்களின் நகர அழிப்பு அந்த நியாயத்துக்கே எதிரானது.

புறநானூற்றைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியே, நீங்கள் நினைப்பதைவிடவும் சரி. ‘எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்’ என்று முன்கூட்டி எச்சரிக்கும் அறநெறியை முதுகுடுமிப் பெருவழுதிக்கு உரியதாகப் பாடியவர் நெட்டிமையார். அதே நெட்டிமையார் அதே அரசன் எதிரியின் நகரத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் 15ஆம் பாடலில் புகழ்கிறார். புலவருக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. ஆனால் முதல் பாட்டில் எச்சரிக்கப்பட்டவர்கள் போய்ச் சேர ஓர் அரண் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, நான் அந்த அமைச்சரவையில் இருந்திருந்தால் என்ற கேள்வி. 1942 பிப்ரவரியில் அந்த ஆணை என் மேசைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். 1945 பிப்ரவரியில் போட்டிருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். இடையில் எந்த நாளில் பேனாவைக் கீழே வைத்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1944 பிப்ரவரியில் பெல் எழுந்து பேசியபோது அந்த அவையில் நான் இருந்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தபடிதான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்