இரண்டு ஹாட் டிஸ்கில் ஒன்று தளர்ந்தால் கல்யாண வீடியோ என்னவாகும்?

கேள்வி: உப்புவெளியில் சிறிய வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் வேகமாக நடக்கட்டும் என்று 4 டெராபைட் ஹாட் டிஸ்க் இரண்டு வாங்கி, மதர்போர்ட்டிலேயே ரெய்ட் 0 ஆக இணைத்து, ஒரே டிரைவாகப் பாவிக்கிறேன். வாங்கி 14 மாதம். வாரண்டி 2 வருடம். கொஞ்ச நாளாகப் பெரிய வீடியோக்கள் நடுவில் நின்றுவிடுகின்றன. கொப்பி பண்ணினால் வேகம் பூச்சியத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது. வித்தியாசமான சத்தம் இல்லை. டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஒரு டிஸ்க் நீலம் (நலம்), மற்றது மஞ்சள் (எச்சரிக்கை). மஞ்சள் டிஸ்கில் சி5 வரிசையில் 138 என்றும் சி7 வரிசையில் பூச்சியம் என்றும் இருக்கிறது. வாங்கிய கடையில், "ரெண்டையும் கொண்டு வாங்கோ, போர்மட் பண்ணிச் செக் பண்ணி, பழுதானதை மாத்தித் தாறம். புதுசைப் போட்டா ரெய்ட் தானாச் சரியாகிடும்" என்கிறார்கள். இன்னும் ஒப்படைக்காத இரண்டு கல்யாணங்கள் அதில்தான் இருக்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொல்வது ரெய்ட் 1, ரெய்ட் 5 போன்றவற்றுக்குப் பொருந்தும். அவற்றில் ஒரு டிஸ்க் போனாலும் அதில் இருந்ததைத் திரும்ப எழுத மற்ற டிஸ்குகளில் வழி இருக்கும். ரெய்ட் 0 இல் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்பையும் 64 அல்லது 128 கிலோபைட் போன்ற துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு இந்த டிஸ்கில், அடுத்தது அந்த டிஸ்கில் என்று மாறி மாறி எழுதிக்கொண்டு போகும். கல்யாண அல்பத்தின் ஒற்றைப் பக்கங்கள் ஒரு வீட்டிலும் இரட்டைப் பக்கங்கள் இன்னொரு வீட்டிலும் இருப்பது போலத்தான். ஒன்றைப் போர்மட் பண்ணினால் மற்றதில் மிஞ்சுவதை வைத்து ஒரு வீடியோவையும் ஓட்ட முடியாது.

நீங்கள் எழுதிய எண்களுக்கு வருவோம். அந்த மென்பொருள், நாம் மாற்றி வைக்காவிட்டால், மூல எண்களைப் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில்தான் காட்டும். அதில் சி5 வரிசையின் 138 என்றால் நம் கணக்கில் 312. அதாவது டிஸ்க் வாசிக்க முயன்று முடியாமல் "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவைத்த இடங்கள் 312. வீடியோ நடுவில் நிற்பதற்குக் காரணமே இதுதான். அந்த இடம் வந்ததும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. சி7 என்பது டிஸ்குக்கும் மதர்போர்ட்டுக்கும் இடையிலான சாட்டா கேபிளில் தரவு பிழைத்த தடவைகளின் எண்ணிக்கை. அது ஏறியிருந்தால் முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றிருப்பேன், கடற்கரை ஈரப்பதத்தில் இணைப்பு முனைகள் கறுத்துப்போவது நம் ஊரில் சகஜம். உங்களுக்கு அது பூச்சியம், ஆகவே கேபிளைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

இன்றே கணினியை நிறுத்துங்கள். விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக் டிஸ்கை ஓட்டாதீர்கள். அது கோப்பு அட்டவணையைத் திருத்துகிறேன் என்று பழுதான டிஸ்கிலேயே எழுதும், இருப்பதும் கலையும். விண்டோஸ் "இனிஷியலைஸ்" பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு கல்யாணங்களையும் எடுத்த கமரா கார்டுகளைத் தேடுங்கள். அவற்றை போர்மட் பண்ணியிருந்தாலும், அதற்குப் பிறகு புதிதாக எதுவும் எடுக்கவில்லை என்றால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. கார்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், இன்னொரு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

அப்புறம் டிஸ்க் வேலை. எந்த டிஸ்க் எந்தப் போர்ட்டில் இருந்தது என்று கழற்றுமுன் படம் எடுங்கள், லேபலில் உள்ள தொடர் எண் தெரியவேண்டும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயோஸில் ரெய்ட் பக்கத்தைத் திறந்து துண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவோ கூடவோ உள்ள வேறு இரண்டு டிஸ்குகளில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுப் பிரதி எடுக்கவேண்டும். இதற்கு லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடி ரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது. வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு விடும். எங்கே நின்றது என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் மூலம் எது, பிரதி எது என்று மாறிப்போனால் வெற்று டிஸ்க் உங்கள் கல்யாணத்தின் மேல் எழுதப்பட்டுவிடும். தொடர் எண்ணைப் பார்த்து உறுதி செய்யாமல் என்டர் தட்டாதீர்கள். இதில் பழக்கமில்லை என்றால் பழகியவரைக் கூட்டி வைத்துச் செய்யுங்கள்.

பிரதிகளைப் பழைய போர்ட்டுகளில் மாட்டினால் மதர்போர்ட் ஏற்கும் என்று நம்பி இருக்கவேண்டாம், மதர்போர்ட் டிஸ்குகளில் எழுதிவைக்கும் ரெய்ட் குறிப்பில் டிஸ்கின் தொடர் எண்ணும் பதிவாகியிருக்கலாம். ஆர்-ஸ்டூடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்புளோரர் போன்ற மீட்பு மென்பொருள்கள் பிரதிகளில் எதையும் எழுதாமல் இரண்டையும் சேர்த்துக் காட்டும். காசு கட்டுமுன் டெமோவிலேயே கோப்புப் பட்டியலைப் பார்க்கலாம். மீட்டெடுத்த பிறகு சின்னப் படம் ஒன்று திறக்கிறது என்று திருப்திப்படாதீர்கள், அது ஒரே துண்டுக்குள் அடங்கியிருக்கலாம். பெரிய வீடியோ ஒன்றை நடுப்பகுதி வரை ஓட்டிப் பாருங்கள். துண்டுகளின் வரிசை சரியா பிழையா என்பது அங்கேதான் தெரியும்.

இடையில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை, தூசி இல்லாத அறையுள்ள மீட்பு நிலையம் வேண்டும். கொழும்புக்குப் போவதென்றால் இரண்டு டிஸ்குகளும் போகவேண்டும். பஞ்சு சுற்றிக் கைப்பையில் வைத்து நீங்களே கொண்டுபோங்கள், பார்சலில் போடாதீர்கள். மீட்க முடியாவிட்டால் என்ன கட்டணம், காசு வாங்குமுன் கோப்புப் பட்டியல் காட்டுவார்களா என்ற இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வாரண்டி பற்றி: அது டிஸ்குக்குத்தான், உள்ளே இருக்கும் வீடியோவுக்கு இல்லை. மாற்றித் தரும்போது பழையது உங்களிடம் திரும்பாது. எனவே மீட்டு முடித்த பிறகு, முடிந்தால் முழுதாக அழித்துவிட்டு, பழுதான ஒன்றை மட்டும் கொடுங்கள். அதில் இருப்பவை வேறு குடும்பங்களின் முகங்கள். பற்றுச்சீட்டில் தொடர் எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளுக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, ஆகவே எழுத்திலுள்ள வாரண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இனி வாங்கும்போது ரெய்ட் 0 வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றே செக்கனுக்கு 500 மெகாபைட்டைத் தாண்டும். இரண்டு ஹாட் டிஸ்கைச் சேர்த்தாலும் அந்த வேகம் கிடைப்பது அரிது. எடிட்டிங்கை எஸ்எஸ்டியில் செய்யுங்கள். முடிந்ததைத் தனித்தனி ஹாட் டிஸ்க் இரண்டில் கொப்பி பண்ணி, ஒன்றை ஸ்டூடியோவிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். புது டிஸ்க் வாங்கியதும் முழுக்க ஒருமுறை எழுதி வாசித்து, சி5 பூச்சியமாகவே நிற்கிறதா என்று அந்த மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.