மூன்று லட்சம் கொடுத்தால் போக்சோ கேஸ் வாபஸ் ஆகிவிடுமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது கம்பெனி கொடுத்த தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறோம். என் தம்பிக்கு 22 வயது, ஜீப் ஓட்டுகிறான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணோடு பழகி, இருவரும் ஊரை விட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். பெண் வீட்டார் புகார் கொடுத்து, மகளிர் போலீஸ் அவனை போக்சோவில் கைது செய்து, இப்போது கோவைச் சிறையில் இருக்கிறான். ஒருவர் வந்து, மூன்று லட்சம் கொடுத்தால் பெண் வீட்டாரைப் புகாரை வாபஸ் வாங்க வைத்து, கோயிலில் கட்டியும் வைத்துவிடலாம், கேஸ் அதோடு முடியும் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் செய்யும் தொழில் நன்றாகத் தெரியும். கைது நடந்த மறுநாளே வாசலில் வந்து நிற்பார். இன்ஸ்பெக்டர் நம்ம ஆள் என்பார், கோர்ட்டில் எல்லாம் பேசியாச்சு என்பார். ரசீது கேட்டால் மட்டும் கோபம் வரும். நாளைக்குத் தம்பிக்குத் தானாகவே ஜாமீன் கிடைத்தாலும், நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று மீதிப் பணத்துக்கு வருவார். கிடைக்காவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

போக்சோ என்பது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அந்த வழக்கு உங்கள் வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நடக்கிற வழக்கு இல்லை. எஃப்ஐஆர் போட்டபோதே அது அரசாங்கத்தின் வழக்காகிவிட்டது. பெண்ணின் அப்பாவே போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் ஸ்டேஷனில் அதை மூட முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, வழக்கு நடக்கட்டும் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு காதல் வழக்கை ரத்து செய்ததைச் சிலர் காட்டுவார்கள். அது பெண்ணும் அவள் தாயுமே மனுப் போட்டுக் கேட்ட வழக்கு. அப்படி ஒரு உத்தரவை லயத்து வாசலில் விலை பேசி வாங்க முடியாது.

கோயிலில் கட்டி வைப்பது இன்னும் மோசம். 18 நிறையாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இன்னொரு வழக்கு வரும். கட்டி வைத்தவர்கள் பெயரும், அதாவது உங்கள் அம்மாவின் பெயரும், அதில் சேரும். மனைவிதானே என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 18க்குக் கீழே மனைவியானாலும் குற்றம்தான் என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் சட்டமும் அதையே வைத்திருக்கிறது.

பணத்தோடு அந்த வீட்டுக்கு யாராவது போனால் அது சாட்சியைக் கலைக்கிற வேலை. தம்பிக்கு ஜாமீன் தராதீர்கள் என்று அரசு வழக்கறிஞர் சொல்ல நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சட்டத்தை விடுங்கள், அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. வீடு தேடிப் போய் அவளை நெருக்குவது தப்பு.

இருவரும் விரும்பித்தானே போனார்கள் என்று கேட்பீர்கள். 18க்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்காது. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து, குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, 20 ஆண்டு என்று போகும். ஆகவே வழக்கே வயதில்தான் நிற்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வயதை எப்படி முடிவு செய்வது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. மாற்றுச் சான்றிதழ், அதான் டிசி, மட்டும் போதாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் போலீஸ் டிசியை மட்டும் வைத்திருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் வயது 18க்கும் 20க்கும் இடையில் என்றார். 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனையை ரத்து செய்தது. எஸ்டேட் பக்கம் இது சின்ன விஷயமில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொன்ன குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் உங்கள் விஷயத்தில் பெண் பதினொன்றில் படிக்கிறாள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கும், அதில் தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்கும் சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாளுக்கும் நடுவே 18 நிறைந்ததா என்று வக்கீல் பார்க்க வேண்டும். நிறைந்திருந்தால் போக்சோ நிற்காது, அப்புறம் அவள் சம்மதம் பேசப்படும். இதற்கும் ஒரு புரோக்கர் வருவார், பிறப்புச் சான்றிதழை மாற்றி வாங்கித் தருகிறேன் என்று. வாங்கினால் நீங்களும் தம்பி பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

வக்கீலுக்குக் காசில்லை என்று கவலைப்பட வேண்டாம். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் என்ன என்று கேட்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு போன் போடுங்கள். இலவச வக்கீல் வேலை செய்ய மாட்டார் என்று முதலில் சொல்பவர் அந்த மூன்று லட்சக்காரராகத்தான் இருப்பார். யாரை வைத்தாலும், வக்காலத்து, அதாவது வக்கீலை நியமிக்கும் தாள், நிரப்பாமல் வெறுமையாக இருந்தால் அதில் தம்பியைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

ஜாமீன் மனு முதலில் ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில். அங்கே தள்ளுபடி ஆனால் சென்னை உயர் நீதிமன்றம். பெண் தரப்புக்கும் தகவல் போகும், அவர்களும் பேசுவார்கள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. லேசான பிரிவாக இருந்தால் 60 நாள். ஆனால் அது தானாக வராது, மனுப் போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால். காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் உண்டு. சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். உரிமைத் தகராறு தீராத கூடலூர் ஜென்ம நிலத்தில் பட்டாவுக்கு எங்கே போவது? லயத்தில் இருப்பவருக்குக் கூரையே கம்பெனியுடையது. உடனே வாடகை ஜாமீன்தாரரைக் கூட்டி வர ஒருவர் வருவார், வரி ரசீதோடு. அது போலி என்று தெரிந்தால் ஜாமீனே போய்விடும். அதற்குப் பதிலாக, ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருக்கிறான் என்று ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் பரிசீலிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விசாரணை ஓராண்டில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பதைச் சொல்கிறேன்: தடயவியல் அறிக்கை வரவில்லை, அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார், மழையில் மரம் விழுந்து பஸ் இல்லை, வாய்தா. விடியற்காலையில் பந்தலூரில் கிளம்பி வந்தவர்களிடம், அடுத்த மாதம் வா என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் இதே கதி, அந்தப் பெண்ணுக்கும் இதே கதி. யாருக்காக இப்படி இழுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தம்பியின் போன் போலீஸிடம் போகாமல் வீட்டில் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள், வக்கீலிடம் சொல்லுங்கள். அழித்தால் இன்னொரு வழக்கு. அவன் நண்பர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: அந்தப் பெண்ணின் பெயர், படம், பள்ளிப் பெயர் எதையும் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. போட்டவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, அந்த ஸ்கிரீன்ஷாட் தம்பியின் ஜாமீன் மனுவுக்கு எதிராகவும் கோர்ட்டுக்கு வரும்.