மேல்தாடையை முன்னே கொண்டுவந்தால் மூக்கு அகலமாகிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. பிறவியிலேயே இடப்பக்கம் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன; கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டையும் தைத்துச் சரிசெய்தோம். இப்போது மேல்தாடை உள்வாங்கி, கீழ்ப்பற்கள் முன்னால் நிற்கின்றன. தாடையை 7 மில்லிமீட்டர் முன்னே நகர்த்த வேண்டும் என்கிறார் டாக்டர். ஏற்கெனவே சப்பையாக இருக்கும் மூக்கு இன்னும் அகலமாகிவிடுமோ என்று மகள் பயப்படுகிறாள். மூக்கை முதலில் சரிசெய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் தாடை, அப்புறம்தான் மூக்கு.

மகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, மூக்குத் துளைகளைக் கீழிருந்து பாருங்கள். வலப்பக்கத் துளை நிமிர்ந்து நிற்கும், இடப்பக்கத் துளை படுத்துக் கிடக்கும். அந்தப் பக்க மூக்கு மடலின் (துளையின் வெளிப்பக்கச் சதையின்) அடியில் விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் தட்டுப்படும். அங்கே எலும்பு குறைவு. பந்தல்கால் ஒன்று குழிக்குள் இறங்கிவிட்டால், மேலே துணியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அந்த மூலை தொங்கத்தான் செய்யும்.

தாடை முன்னே வரும்போது மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் தாங்கல் கிடைக்கிறது. மூக்கு நுனி சற்று முன்னே வந்து, லேசாக மேல்நோக்கித் திரும்பும். பிளவோடு பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இது நன்மைதான்.

ஆனாலும் உங்கள் மகளின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மேலுதட்டின் உட்புறம், ஈறுக்கு மேலே கீறித்தான் எலும்பை அடைகிறோம். அப்போது மூக்கு மடல்களைப் பிடித்திருக்கும் தசைகளை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. பிடிமானம் போனதும் மடல்கள் இருபுறமும் விலகும். எலும்பும் முன்னே தள்ளுவதால் மூக்கு அகலமாகிறது.

இதைக் கட்டுப்படுத்த ஒரு தையல் உண்டு. வாய்க்குள்ளிருந்தே ஒரு மடலின் அடித்திசுவில் ஊசியைக் கோத்து, மறுமடலின் அடியிலும் கோத்து, நூலை இழுத்து முடிச்சுப் போடுவோம். வெளியே தழும்பு இருக்காது. மயக்க மருந்துக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகவே செல்வதால், அந்த நேரத்தில் மூக்கு இழுபட்டிருக்கும். கண் மதிப்பை நம்ப முடியாது. அதனால் கீறும் முன்பே மடல்களுக்கு இடையிலான அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, முடிச்சை இறுக்கும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு இருபக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் போதாது, விலகியிருக்கும் இடப்பக்க மடலைக் கூடுதலாக உள்ளே கொண்டுவர வேண்டும். பழைய தழும்பு விட்டுக்கொடுக்காது என்பதால் கொஞ்சம் கோணல் மிஞ்சலாம். நடுச்சுவர் வளைந்திருந்தால் அதன் அடிப்பகுதியை அதே ஆபரேஷனிலேயே சீவிவிட முடியும்.

மிஞ்சியதை மூக்குச் சீரமைப்பில் பார்த்துக்கொள்ளலாம். அதை முதலில் செய்தால், பிறகு அடித்தளம் நகரும்போது செய்த வேலை கலைந்துவிடும். தழும்பு ஏறிய மூக்கில் மறுபடி கை வைப்பது கடினம். தாடை ஆபரேஷன் முடிந்து 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுத்திருங்கள். வீக்கம் முழுதாக வடிய அவ்வளவு காலம் பிடிக்கும். அண்ணத்துத் தழும்பு தாடையைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கவும் கூடும், அதுவும் அதற்குள் தெரிந்துவிடும். முதல் மாதக் கண்ணாடியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

மூக்கைவிட எனக்குக் கவலை பேச்சுதான். தாடையோடு அண்ணமும் முன்னே நகர்வதால், தொண்டைப் பக்கம் இடைவெளி கூடி, பேசும்போது காற்று மூக்கு வழியே கசியலாம். இப்போதே பேச்சு மூக்கால் வருகிறது என்றால், தேதி குறிக்கும் முன் பேச்சுப் பயிற்சியாளரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஈறுப் பிளவில் எலும்பு வைத்தாகிவிட்டதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். வைக்காவிட்டால், தாடை முன்னே வந்த பிறகும் மடலின் அடியில் அந்தப் பள்ளம் இருக்கும்.

மகள் மூக்குத்தி போட்டிருந்தால் ஆபரேஷனுக்கு முன் கழற்றிவிடுங்கள். மூக்குச் சீரமைப்பும் முடிந்து, நன்றாக ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.